பொட்டுக்கு நேரே இருந்த படம்

அந்த அச்சகத்தில் சரஸ்வதி பூஜை என்றால் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தாள் வெட்டும் இயந்திரம், ஆஃப்செட் இயந்திரம், மை டப்பா வைக்கும் அலமாரி, தொலைபேசி, கடைசியாகக் கம்ப்யூட்டர். முதலாளி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருவார். பின்னாலேயே, எங்களோடு வேலை பார்த்த அக்கா குங்குமம் வைத்துக்கொண்டு வருவார். திரையின் கண்ணாடியில் வைக்கக் கூடாது என்று நான் முதல் வருடமே கத்திவிட்டதால், திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில், இடப்பக்கம், பாதி உயரத்தில் வைத்தார்கள். காய்ந்து, ஓரம் உதிர்ந்து, அடுத்த பூஜைவரை அது அங்கேயே இருக்கும். ஒருமுறை துடைக்கக் கையை நீட்டினேன். "வேணாம் தங்கச்சி, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அக்கா. விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்திருந்தேன். அப்பா சொன்ன அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்த அச்சகத்தில் சேர்ந்தேன். பதில் வரவேயில்லை. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், கடையில் மலேசிய ஊர்த் தமிழ். இரண்டிலும் எனக்குக் கோபம் மட்டும் ஒரே வேகத்தில் வரும். "இவளைக் கட்டுறவன் ஃபயர் பிரிகேட்டில இருக்க வேணும்" என்று அம்மா சொல்லுவார். இருபத்து மூன்று வயதில் அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளி ஆஃப்செட் இயந்திரத்தைத் தானே ஓட்டுவார். அதன் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, இயந்திரம் நின்றிருக்கும்போதும் கத்தித்தான் பேசுவார். கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார். நான் வடிவமைப்பு, அச்சு, பழுது பார்ப்பது. தமிழ் அடிப்பது முழுக்க அக்கா. கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் அவர் விரல்கள் வழியாகத்தான் போகும்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவர். பிற்பாடு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் யாரோ நடத்திய தமிழ்த் தட்டச்சு வகுப்பில் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டார். தோட்டத்து முதலாளிகள் தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியபோது கம்போங் மேடானில் ஒரு பலகை வீட்டுக்கு வந்தார். கணவர் போனவர் போனவர்தான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். எங்கள் கடைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம், இரண்டு தெரு தள்ளி இருந்த வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பின்கட்டில் பாத்திரம் கழுவினார். சோப்புத் தண்ணீர் சேராமல் விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் வருமாம். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கை கையாக ஆனது என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். இந்த வேலை போனால் அவருக்குத் திரும்பிப் போக அந்தப் பாத்திரத் தொட்டிதான் இருந்தது. எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும்.

தமிழ் அடிப்பதில் அவர் சூரப்புலி. ஆனால் கம்ப்யூட்டரிடம் வேறு எதையாவது செய்யச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்குக் கை ஓடாது. அப்போது கறுப்புத் திரைக் காலம். ஒரு ஃபைலை இங்கிருந்து அங்கே நகலெடுக்க வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில் கட்டளை அடித்தாக வேண்டும். எங்கள் விசைப்பலகையில் எல்லா விசைகளிலும் தமிழ் எழுத்துகளை ஒட்டியிருந்தோம். ஆங்கில எழுத்து எது எங்கே என்று அக்காவுக்குத் தெரியாது. ரூமியை, அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்தை, பஸ் பலகை, கடைப் பெயர் அளவுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு கட்டளையையும் அந்தந்த விசையில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்தாலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தேன். டி, ஐ, ஆர் என்று நான் அடிப்பதை அவர் 'ன', 'ை', 'ச' என்று அடிப்பார். மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அடிப்பார். நடுவில் ஓர் இடைவெளி விட்டுப்போனால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது.

"தங்கச்சி, இங்க வாயேன். என்னமோ சொல்லுது."

"பேட் கமாண்ட்னு சொல்லுது. கெட்ட கட்டளையாம்."

"நான் என்ன கெட்டதைச் சொல்லிட்டேன்?" அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு நாளைக்கு இப்படி ஐந்து தடவை, ஆறு தடவை. நான் பாதி வேலையில் எழுந்து போவேன். போகும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவேன்.

பிறகு விண்டோஸ் வந்த புது கம்ப்யூட்டரை முதலாளி வாங்கிப் போட்டார். அதில் ஒரு வசதியை நானே நோண்டிக் கண்டுபிடித்தேன். முகப்புத் திரையின் காலி இடத்தில் வலப்பக்கப் பொத்தானை அமுக்கி, புது ஷார்ட்கட் என்று கேட்டால், எந்த ஃபைலுக்கு என்று அது கேட்கும். அங்கே ஃபைல் பெயருக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் அடிக்கிற கட்டளையையே முழுசாக அடித்துவிடலாம். திரையில் ஒரு சின்னப் படம் வந்து உட்காரும். அதை இரண்டு தடவை தட்டினால் போதும். நீளமான கட்டளை தானாக ஓடும். அன்றைக்கு நான் பட்ட பெருமை, அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை.

அக்காவுக்காகச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் என் காதுக்காகச் செய்தேன். "தங்கச்சி" என்ற கூப்பாடு நிற்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கிள்ளானில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் வேலை அப்போது எங்களுக்கு வந்திருந்தது. இருநூறு பக்கம். எங்கள் கடைக்கு அது மலை மாதிரி வேலை. அக்கா மூன்று மாதமாக அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் சி, டி என்று இரண்டு தட்டுகள். மலர் சி-யில் இருக்கும். ஏதாவது ஆனால் கையில் ஒரு நகல் இருக்கட்டும் என்று, மலர் ஃபோல்டரை மட்டும் டி-க்கும் நகலெடுத்து வைப்போம். தினமும் எடுக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை. மாலையில் முதலாளி சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டு முடித்ததும் அக்கா கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்து நகல் எடுப்பார்.

அதற்கு ஒரு ஷார்ட்கட் போட்டேன். சி-யிலிருந்து டி-க்கு. பெயர் சிம்பான், மலாயில் பத்திரப்படுத்து என்று அர்த்தம். போட்ட கையோடு, எனக்கு உதவும் என்று திருப்பி ஒன்றும் போட்டேன். டி-யிலிருந்து சி-க்கு. பெயர் அம்பில், அதாவது எடு. சி-யில் இருப்பது கெட்டுப்போனால் பழைய நகலை இழுத்துக்கொண்டுவர. இரண்டுக்கும் கம்ப்யூட்டர் ஒரே படத்தைக் கொடுத்தது. ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி. வேறு வேறு படம் மாற்றியிருக்கலாம். சோம்பல், மாற்றவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நகலெடுக்கும்போது, "பழைய ஃபைல் மேலே எழுதட்டுமா?" என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. அக்கா கூப்பிட்டார். எரிச்சலோடு போய், கேள்வியே கேட்காமல் செய் என்று கட்டளையின் கடைசியில் இரண்டு ஷார்ட்கட்டிலும் சேர்த்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமை, வேலை முடிந்தும் கறுப்புச் சன்னல் மூடாமல் நின்றது. மறுபடி கூப்பிட்டார். முடிந்ததும் தானாக மூடிக்கொள் என்று அதையும் மாற்றினேன். அதற்குப் பிறகு தட்டினால் ஒரு கறுப்பு மின்னல், கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று சொல்ல அங்கே ஒரு வரிகூட மிஞ்சவில்லை. தவறு நடந்தால் தடுக்க இருந்த ஒவ்வொரு கதவையும் நானே என் கையால் கழற்றி வைத்தேன்.

எது சிம்பான், எது அம்பில் என்று அக்கா எழுத்துக்கூட்டவில்லை. திரையின் இடது ஓரத்தில் படங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும். சிம்பான் நான்காவது. சட்டத்திலிருந்த பொட்டுக்கு நேரே வந்தது.

"பொட்டுக்கு நேரா இருக்கிறது. அதானே?"

"அதேதான். அதுக்குக் கீழ இருக்கிறதைத் தொடாதீங்க."

"சாமியே காட்டிக் கொடுக்குது பாரு" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

மலர் அடித்து முடிந்த வெள்ளிக்கிழமை அவர் பொட்டுக்கு நேரே தட்டி நகல் எடுத்தார். அடுத்த வாரம் முழுக்கப் பிழைதிருத்தம். கோயில் குழுவினர் சிவப்பு மையால் ஒரு பக்கம் விடாமல் கோடு கிழித்து அனுப்பியிருந்தார்கள். அக்கா திங்கள் முதல் வியாழன் வரை குனிந்த தலை நிமிராமல் அத்தனை திருத்தங்களையும் செய்தார். வியாழன் மாலை கடைசிப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். குழுவினர் பார்த்து, திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நடுவில் புதன்கிழமை. எனக்குத் தலைவலி, அச்சுப்பொறி வேறு தாளைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு கட்டளை தேவைப்பட்டது; அதற்கும் ஒரு ஷார்ட்கட் போட்டேன். புதுப் படம் திரையின் நடுவில் போய்க் கோணலாக உட்கார்ந்தது. கோணலாக எது இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. பெயர் வரிசைப்படி அடுக்கு என்று ஒரு தட்டுத் தட்டினேன். எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. பழைய படங்கள் இருந்த இடம் மாறியதா என்று பார்க்கவில்லை. அதே நேரத்தில் அக்கா, திருத்தத்தில் ஒரு குறி புரியவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவதான்க்கா கூப்பிடுவீங்க? அதான் எல்லாத்துக்கும் படம் போட்டுக் கொடுத்துட்டேனே. சும்மா சும்மா கூப்பிடாதீங்க லா!"

படத்துக்கும் அவர் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் "சரிம்மா" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். அக்கா நகல் எடுத்தார். சனிக்கிழமை நான் ஆஃப்செட் தகடு செய்வதற்கான பக்கங்களை அச்செடுத்தேன். வியாழன்தானே எல்லாரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு பக்கத்தைக்கூட வாசிக்கவில்லை. அடுத்த வாரம் முதலாளி இரவும் பகலுமாக ஓட்டி, மடித்து, தைத்து, கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் லோரியில் ஏற்றி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்த சற்று நேரத்தில் ஒருவர் மலரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கிள்ளான்காரர், நல்ல உயரம், நெற்றியில் விபூதி. மலரைப் பிரித்து மேசையில் அறைந்தார்.

"யாரு பாஸ் இது? எங்கப்பாவை யாரு கொன்னது?"

நன்கொடையாளர் பக்கம். அவருடைய தகப்பனார் காலமான தன் மனைவியின் நினைவாகக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் 'அமரர்' என்பதை அம்மாவின் பெயருக்கு முன்னால் எழுதுவதற்குப் பதில் ஐயாவின் பெயருக்கு முன்னால் எழுதிவிட்டார். சிவப்பு மையில் திருத்திய இடம் அது. எனக்கு நன்றாக நினைவு இருந்தது, ஏனென்றால் அக்கா அதைக் காட்டி "நல்ல வேளை" என்றார். இப்போது அது அப்படியே அச்சாகி இருந்தது. கும்பாபிஷேகத்தன்று அந்தப் பெரியவர் முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து மலரைப் புரட்டி, தான் செத்துப்போனதைத் தானே வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாராம்.

முதலாளி நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். வந்தவர் போனதும் வியாழக்கிழமைப் பிரதியை எடுத்து மலரோடு வைத்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பிழை. ஒரு திருத்தம்கூட மலரில் இல்லை.

"ப்ரூஃப்ல சரியா இருக்கு. புக்ல தப்பா இருக்கு. நடுவுல யாரு கை வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "வெள்ளிக்கிழமை கடைசியா நான்தான் பாஸ் தொட்டேன். என்னமோ தப்பா அமுக்கிட்டேன் போல."

"என்னமோவா? உயிரோட இருக்கிற மனுசனுக்குக் கருமாதி அட்டை அடிச்ச மாதிரி பண்ணிட்டு என்னமோங்கிற?" கடை அதிரக் கத்தினார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். போ."

அக்கா அழவில்லை. மூக்குக் கண்ணாடியை உறையில் போட்டார். சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கம்ப்யூட்டருக்கு முன் போய் உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரையைத் திறந்து ஃபைல் பட்டியலைப் பார்த்தேன். சி-யில் இருந்த மலர் ஃபைல்கள் எல்லாவற்றிலும் திருத்தத்துக்கு முந்திய தேதி. டி-யிலும் அதே தேதி. பழைய நகல் புதியதின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அம்பில் ஓடியிருக்கிறது. அந்தக் கறுப்புத் திரையை மூடினேன். பொட்டுக்கு நேரே நின்ற படத்தின் பெயரை வாசித்தேன். அம்பில். ஆங்கில எழுத்து வரிசையில் 'ஏ' முன்னால் வரும், 'எஸ்' பின்னால் போகும். புதன்கிழமை நான் தட்டிய ஒரு தட்டில் அம்பில் நான்காவது இடத்துக்கு ஏறி, சிம்பான் கீழே போயிருந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மவுஸால் இரண்டு படங்களையும் இழுத்து, பழைய இடத்திலேயே வைத்தேன். யாரும் கேட்டால் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று இருக்கட்டும். கேட்க யாருமே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவள் கடையில் நான் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அரை மணியில் முடிக்கும் கல்யாணப் பத்திரிகையை இரண்டு மணி நேரம் அடித்தேன். முதலாளி நான்கு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஏதோ போல இருந்திருக்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் ஆசைப்பட்டதுதான். அந்த நிம்மதி எனக்கு அன்று கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் சொன்னேன். "பாஸ், தப்பு அக்காவோடது இல்ல. என்னோடது."

"அவதானே அமுக்கினா?"

ஷார்ட்கட், கட்டளை, வரிசை என்று ஏதேதோ சொன்னேன். அவருக்கு ஏறவில்லை. மை அலமாரிக்கு முன்னால் அவரைக் கூட்டிப்போனேன். கறுப்பு டப்பாவையும் நீல டப்பாவையும் காட்டினேன். "ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. நீங்க எப்பவும் இடத்தைப் பார்த்துத்தானே எடுப்பீங்க? நீங்க இல்லாத நேரம் நான் இடத்தை மாத்தி வச்சுட்டு, சொல்லாம விட்டுட்டேன். நீங்க எடுத்து ஊத்திட்டீங்க. யார் தப்பு?"

அவர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் திங்கக்கிழமையே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கைத்துணியில் மையைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பதில் கம்ப்யூட்டர் பார்க்க அவருக்கு வேறு ஆள் கிடையாது. என்னைப் போகச் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது இன்னும் அவமானமாக இருந்தது. கடைசியில், "நீயே போய்க் கூட்டிட்டு வா. நான் திட்டுனதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றார். "கிள்ளானுக்கு நான் போய்க்கிறேன். அந்தப் பெரியவர் முன்னாடி நான்தான் நிக்கணும்."

பஸ் பிடித்துக் கம்போங் மேடானுக்குப் போனேன். வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுவா? அது நேத்தே பழைய கடைக்கு வேலைக்குப் போயிருச்சே. பிரிக்பீல்ட்ஸ்ல சாப்பாட்டுக் கடை."

எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு. திரும்ப பஸ் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் கூட்டம் உச்சத்தில் இருந்தது. பின் சந்து வழியாகப் போனேன். இரண்டு பெரிய தொட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து அக்கா சாம்பார் வாளி தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை நுரை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்கக்கா." நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தை இடம் மாற்றியது, அடுக்கியது, கேள்வி கேட்காமல் செய்தது, திங்கட்கிழமை கண்டுபிடித்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தது, படங்களைத் திரும்ப இழுத்து வைத்தது வரைக்கும். முதலாளி சொன்னதையும் சொன்னேன்.

அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வலது கையைப் பாவாடையில் துடைத்தார். விரல் இடுக்கில் இரண்டு நாளிலேயே தோல் சிவந்திருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் இங்க செஞ்சுட்டு வரேன். நம்பி சேர்த்துக்கிட்டாங்க, பாதியில விட்டா பாவம். திங்கக்கிழமை கடைக்கு வரேன்னு பாஸ்கிட்ட சொல்லு."

எனக்கு உயிர் வந்தது. அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"படம் மாறியிருந்துச்சே, உங்களுக்குத் தெரியலையாக்கா? பேர் வேற மாதிரி இருந்திருக்குமே."

"தெரிஞ்சுச்சே" என்றார். "எப்பவும் பொட்டுக்கு நேரா இருக்கிற பேரு பாம்பு மாதிரி வளைஞ்ச எழுத்துல ஆரம்பிக்கும். அன்னைக்குக் கூரை மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இது அது இல்லையேன்னு பட்டுச்சு. உன்னைக் கேக்கலாம்னு நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சேன்."

"பிறகு?"

அவர் அடுத்த வாளியைத் தொட்டிக்குள் இழுத்தார். குறையாக அல்ல, நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"உன் முகத்தைப் பார்த்தேன். திரும்ப உக்காந்து அமுக்கிட்டேன்."